மூலை வெட்டாத ஃபிலிம்

அந்த வெல்டிங்கில் கசடு இல்லை. இருபது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் மே மாதம், முப்பத்தைந்து டன் பாய்லர் ஒன்றின் மேல் உருளையில் நான் போட்ட சுற்று வெல்டிங் அது. முடித்ததும் கையால் தடவிப் பார்த்தேன், மீன் செதில் மாதிரி வரிசையாக இருந்தது. மறுநாள், வெல்டிங்கைச் சோதிக்கும் லுவான் கேமிங் அதைக் கதிர் வைத்துப் படம் எடுத்தார். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, மஞ்சள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் தினை அளவு கறுப்பு.

அது ஃபிலிமில் விழுந்த கறை என்றேன். கழுவும்போது யாரோ விரல் வைத்திருக்கிறார்கள் என்றேன். இன்னொரு தடவை எடுங்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் தலையைத் தூக்காமலே, "அரைச்சு எடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அரைத்து எடுத்தால் எல்லாம் பொறியாகப் பறந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் பக்கத்தில் நான் குத்தும் என் முத்திரை எண்ணை ஒரு வருஷத்துக்குப் பிடுங்கி வைத்தார்கள். பங்களாதேஷில் பாய்லர் நிறுவப் போன குழுவிலிருந்து என் பெயரை அடித்தார்கள். போனவர்கள் திரும்பி வந்து தலைமை வெல்டர் ஆனார்கள், நான் ஆகவில்லை. ஃபிலிமை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஏழு வருஷமும் போய் எடுத்துக் காட்டச் சொல்ல ரோஷம் விடவில்லை. எட்டாம் வருஷம் அதிலிருக்கும் வெள்ளியைப் பிரிக்க மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் ஒரே மாடிப்படிக்காரர்கள். போஷானில் தொழிற்சாலைக் குடியிருப்பில் நான் இரண்டாம் மாடி, அவர் மூன்றாம் மாடி. படியில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாச்சா" என்பார். "ஆச்சு" என்பேன். இருபது வருஷத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா எங்கள் தொழிற்சாலையில் சம்மட்டிப் பட்டறைக்காரர். அப்பா ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் பத்தொன்பது வயதில் இவர் சேர்ந்தார். யாரும் போகாத இடம் ஒன்று காலியாக இருந்தது, ஃபிலிம் அறை. கதிர் வேலைக்குப் போகிறவனுக்கு ஆண் பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சு. மூன்று பெண் வீட்டார் வந்து, வேலையைக் கேட்டுவிட்டு, தேநீரைக்கூடக் குடிக்காமல் போனார்களாம். நான்காவதாக வந்த ஷியூரோங் அண்ணிதான் சரி என்றார். ஏன் என்று பின்னாளில் கேட்டால், "எல்லார்கிட்டேருந்தும் முப்பத்தஞ்சு அடி தள்ளி நிக்கிற ஆம்பளை. குடிகாரக் கூட்டம் சேராதுன்னு நெனச்சேன்" என்பார்.

உண்மையில் அவர் தள்ளி நிற்கிற ஆள்தான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பட்டறையைச் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டு, விசில் ஊதி, அதன் பிறகே கதிர் பெட்டியைத் திறப்பார். கயிற்றைத் தாண்டியவன் தொழிற்சாலைத் தலைவராக இருந்தாலும் திட்டு விழும். வெல்டர்கள் கொடுக்கும் சிகரெட்டை வாங்க மாட்டார். பற்றவைக்க நெருப்புகூட வாங்க மாட்டார். கதிர் வேலைக்காரர்களுக்குத் தினமும் ஒரு கிண்ணம் பால் உண்டு, உடம்புக்கு ஈடாக. அதைக் குடிக்காமல் ஃபிளாஸ்கில் ஊற்றி மகள் ஜின்யாவுக்குக் கொண்டுபோவார். ஒரே மகள். பேச்சு பலித்துவிட்டது என்று பட்டறையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

ஒவ்வொரு ஃபிலிமின் மூலையிலும் சின்னச் சின்ன ஈய எழுத்துகளை இடுக்கியால் அடுக்குவார். எந்த பாய்லர், எந்த வெல்டிங், எந்த வெல்டர், என்ன தேதி. மூலை தெரியாத ஃபிலிமை அவர் பார்க்கவே மாட்டார், தூக்கி எறிவார். தொண்ணூற்று நாலில் நான் சாரத்திலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது. அப்போது எங்களுக்குள் பகை கிடையாது. ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயை அவரிடம் காட்டினேன். கூடிய எலும்பு முண்டாக நின்றிருந்தது. முதலில் மூலையில் பெயரைப் பார்த்தார், பிறகு எலும்பைப் பார்த்தார். "மட்டமான வெல்டிங்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு செப்டம்பரில் ஜின்யா என் கதவைத் தட்டினாள். ஐந்து மாதக் கர்ப்பிணி, மாடி ஏறிய மூச்சு அடங்கவில்லை. கதிர் வேலையில் இருந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் பரிசோதனை உண்டு. அதில் அவள் அப்பாவின் வலது நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, மகளுக்குத்தான் ஃபோன் செய்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நோயாளிக்குக் கடைசியில்தான் தெரியும், சில சமயம் தெரியாமலே போகும். தெரிந்தால் மனசு விட்டு உடம்பும் விட்டுவிடும் என்ற பயம்.

"அப்பா ஃபிலிமைக் காட்டுன்னு பிடிவாதம் பிடிக்கிறார், சித்தப்பா. காகிதத்தை நம்ப மாட்டேங்கிறார். உங்களுக்கும் போன வாரம் மார்புப் படம் எடுத்தாங்கல்ல. அதைக் கொடுங்க, அவரோடதுன்னு காட்டிடறேன்."

வெல்டர்களுக்குப் புகைக்காக வருஷா வருஷம் எடுப்பார்கள். என்னுடையது சுத்தம். கொடுத்தேன். பரிதாபத்தால் மட்டும் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு ஃபிலிமையாவது தப்பாகப் படிக்கட்டும் என்ற அற்ப சந்தோஷமும் இருந்தது. மூலையில் என் பெயர் இருந்தது. தகரம் வெட்டும் கத்திரியால் நானே அதை வெட்டினேன்.

அவர் ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வழக்கம்போல மூலைக்குத்தான் கண் போனது. மூலை இல்லை.

"யார் வெட்டினது?"

ஆஸ்பத்திரி இயந்திரம் இப்போதெல்லாம் அப்படித்தான் வெட்டித் தருகிறது என்றாள் ஜின்யா. அவர் வெகுநேரம் பார்த்தார். நான் அண்ணி வைத்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "நல்ல ஃபிலிம்" என்றார். "சுத்தமா இருக்கு." நூடுல்ஸ் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி படியிறங்கினேன்.

ஜினானில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஏற்கனவே இதயக் குழாயில் இரண்டு கம்பிச் சுருள் வைத்திருந்தது, மயக்க மருந்தை அந்த இதயம் தாங்காது. அங்கே ஒரு டாக்டர் வேறு வழி சொன்னார். கதிர் மணிகள். அரிசியின் உடைந்த நுனி அளவு, உலோக உறைக்குள் கதிர் விடும் அயோடின். ஊசி வழியாகக் கட்டிக்குள்ளேயே விட்டுவிடுவது. அங்கேயே கிடந்து உள்ளிருந்து கட்டியைச் சுடும், அறுபது நாளில் வீரியம் பாதியாகும், அடுத்த அறுபதில் அதில் பாதி. ஆனால் ஒரு நிபந்தனை. நாலு மாதம் ஈய அங்கி போட்டிருக்க வேண்டும். கர்ப்பிணியும் குழந்தையும் ஆறு மாதம் கிட்டே வரக்கூடாது. இரண்டு மீட்டர் தள்ளி.

அதைக் கேட்டதும் ஜின்யா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஜனவரி நடுவில் பிரசவம். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களைத் தள்ளி நிற்க வைத்த மனிதரை, காரணம் சொல்லாமல் அவருடைய பேரப்பிள்ளையிடமிருந்து எப்படித் தள்ளி நிற்க வைப்பது? பழைய காசநோய்த் தழும்பு, லேசாகக் கிளம்பியிருக்கிறது, தொற்றும் என்று சொல்ல முடிவாயிற்று. மணிகள் என்றால் மருந்து மணிகள். அங்கி என்றால் மார்பை நிமிர்த்திப் பிடிக்க.

மணி வைக்க நவம்பர் எட்டாம் தேதி நாள் குறித்தார்கள். ஜின்யா வரக்கூடாது. அவள் புருஷனுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம். அண்ணிக்குப் பெரிய ஊரில் திசை தெரியாது. அவர்களோடு நான் போனேன். போகாவிட்டால் படியில் எப்படி முகம் பார்ப்பது?

ஸ்கேன் அறைக்குள் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். நான் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம். முதலில் ஸ்கேன் படம், பிறகு முதுகில் மையால் குறி, பிறகு ஊசி. ஊசி போகப்போக மறுபடி படம், மறுபடி படம். மூச்சை இழுத்துப் பிடி என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போதெல்லாம் நானும் பிடித்தேன். கட்டிக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய், விரல் பருமன் என்று டாக்டர் முன்னாலேயே காட்டியிருந்தார். இருமினால் போச்சு. வாழ்நாள் முழுக்க இருமிய மனிதர் அவர்.

டாக்டர் ஈய அங்கி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மணியாக உள்ளே தள்ளினார். ஒரு மணி, ஊசியைச் சிறிது பின்னுக்கு இழுப்பு, இன்னொரு மணி. அந்த இழுப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் வெல்டிங் கம்பியை நகர்த்துவது மாதிரிதான். வேகமாக இழுத்தால் இடைவெளி விழும், நின்றால் ஒரே இடத்தில் குவியும். அவர் கை சீராக இருந்தது. இருந்தும் என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இருபத்தெட்டு மணிகள். நுரையீரலில் கொஞ்சம் காற்று கசிந்தது, இரண்டு முறை ரத்தம் துப்பினார், தானே அடங்கும் என்றார்கள்.

மறுநாள் காலை அண்ணி கீழே வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். அப்போதுதான் அவர் படுக்கையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வெய். எத்தனை?"

"என்ன எத்தனை?"

"எத்தனை மணிடா."

மருந்து மணி என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாகத் தூக்கினார்.

"எனக்குக் காறை எலும்பு உடைஞ்சதே இல்ல. நீ கொடுத்த படத்துல இடது பக்கம் முண்டு. அந்த மட்டமான வெல்டிங்கை நான் மறப்பேனா?"

எனக்கு முகம் எரிந்தது. இரண்டு மாதமாக அவருக்குத் தெரியும். ஸ்கேன் அறைக் கதவில் மூன்று இதழ் கதிர் அடையாளம், டாக்டர் மேல் ஈயம், நர்ஸ் மார்பில் கதிர் அளக்கும் வில்லை. எல்லாம் அவருடைய சொந்த வீட்டுச் சாமான் மாதிரி. அவரிடம்போய் மார்பை நிமிர்த்த என்று ஈய அங்கியை நீட்டியிருக்கிறோம்.

"இருபத்தெட்டு" என்றேன். "அயோடின். அறுபது நாளுக்குப் பாதி."

கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்னு இவங்ககிட்ட சொல்லிடாதே. அவ அழுவா. வயித்துல பிள்ளை இருக்கு" என்றார்.

ஏன் என்னிடம் மட்டும் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுவாங்க. உனக்கு என்மேல கோவம். நீ எனக்குச் சலுகை காட்ட மாட்டே."

அந்தக் குளிர்காலம் எனக்கு மாடிப்படியிலேயே கழிந்தது. அண்ணி கீழே வந்து, அவருக்குச் சந்தேகம் வந்திருக்குமா தம்பி என்பார். ஜின்யா ஃபோனில், அப்பா அங்கியைக் கழற்றாமல் இருக்கிறாரா என்பாள். மேலே போனால் அவர், மகள் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தாள் என்று என்னை விசாரிப்பார். அவள் வந்தால் வாந்தி வருகிறது என்று ஜன்னலோரம் போய்விடுவாள், இவர் இருமல் என்று சமையலறைக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி விலகி நின்றார்கள். நடுவில் நான் பூசணி விதை கொறித்தேன்.

நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். தொழிற்சாலையிலிருந்து கதிர் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்து அவர் முதுகில் வைத்தேன். முள் அசையவில்லை. வாய் தவறி அண்ணியிடம் கவலையில்லை என்று சொல்லியும் விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜின்யா சோபாவில் அவர் பக்கத்தில் வந்து உட்காரப் போனாள். அவர் துள்ளி எழுந்து கழிப்பறைக்குள் புகுந்து, அவள் போகும்வரை வெளியே வரவில்லை. போனதும் என்னைப் பிடித்தார்.

"அந்தக் கருவி நம்ம பெரிய கதிருக்குச் செஞ்சது. இது மெல்லிசு. இதுக்கு அது செவிடு. உன் தலை மாதிரி."

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் உட்காரவில்லைதான், ஆனால் உட்கார்ந்திருந்தால்?

பிறகு அவரே வழி சொன்னார். தொழிற்சாலை ஃபிலிம் உறையில் இரண்டு பக்கமும் ஈயத் தகடு இருக்கும். அதை எடுத்துவிட்டு ஃபிலிமை வெறும் கறுப்புக் காகிதத்தில் சுற்று. முதுகில் ஒட்டு. மூன்று மணி நேரம். கொண்டுபோய்க் கழுவு. ஃபிலிம் செவிடில்லை. மூலையில் ஈய எழுத்து வைத்து, கழுவும் முன் அங்கே மட்டும் ஒரு நொடி வெளிச்சம் காட்டு, எழுத்து பதியும். தன் பழைய எழுத்துப் பெட்டியை எடுத்துத் தந்தார், ஃபிளாஸ்க் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார். ஃபிலிம் அறையில் இப்போது வேலை செய்யும் பெண் அவரிடம் தொழில் கற்றவள், எதுவும் கேட்காமல் இருட்டறையைத் திறந்துவிட்டாள்.

முதல் ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தேன். நடுவில் புகை மாதிரி ஒரு கறுப்புப் படலம், கைக்குட்டை அளவுக்கு. இருபத்தெட்டும் சேர்ந்து அவர் எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வந்திருந்தன. அங்கிக்கு மேல் ஒட்டிய இன்னொன்று சுத்தமாக இருந்தது. அவர் இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அங்கி நல்ல அங்கி" என்றார். "நாலு மாசம்னு சொன்னாங்களா? நான் கழட்ட மாட்டேன்."

ஜனவரி பதினாலில் பெண் குழந்தை. எல்லோரும் மாவ்மாவ் என்று கூப்பிட்டார்கள். அவர் ஃபோன் திரையில் பார்த்தார். கதவு வாசலிலிருந்து பார்த்தார். ஒருமுறை ஜின்யா அறையில் பால் கொடுக்கும்போது குழந்தை நீளமாக அழுதது. அவர் நடைவழியில் நின்று சுவரில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், ஓர் அடி முன்னே வைக்கவில்லை. மூன்றாம் மாதம் ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அதைக்கூட அவரிடம் தழும்பு ஆறுகிறது என்றுதான் சொன்னார்கள். நல்லது என்றார். அவருக்கு வேண்டியது வேறு.

ஏப்ரல் இருபத்துநாலு, நூறாம் நாள். எங்கள் ஊரில் நூறாம் நாளில் தாத்தா மடியில் குழந்தையை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். ஆறு மாதக் கெடு முடிய இன்னும் பதினான்கு நாள் இருந்தது. விருந்தைத் தள்ளிப் போடலாமா என்று ஜின்யா கேட்டதற்கு அவள் மாமியார், நூறு என்றால் நூறு, நூற்றுப் பதினாலா கொண்டாடுவார்கள் என்றார். ஜின்யா என்னைக் கூப்பிட்டு, அங்கியோடு ஒரே நிமிஷம் மடியில் வைத்தால் என்ன ஆகும் சித்தப்பா என்றாள். அவர் என்னைக் கூப்பிட்டு, இருபத்துமூன்றாம் தேதி அங்கிக்கு மேல் மார்பில் ஒரு ஃபிலிம் ஒட்டு, சுத்தமாக இருந்தால்தான் தொடுவேன், இல்லாவிட்டால் கைநடுக்கம் என்று சொல்லிவிடுவேன் என்றார்.

ஒட்டினேன். கழுவினேன். சுத்தம். ஆனால் இடது ஓரத்தில், நெல் அளவுக்கு லேசான சாம்பல் நிறம்.

நூறாம் நாள் காலை ஆறரைக்கு அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அண்ணி நூறு சின்ன மாவு உருண்டைகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார், ஜின்யாவும் குழந்தையும் முதல்நாளே வந்து உள்ளறையில் தூங்கினார்கள். அவர் ஃபிலிமை ஜன்னலில் பிடித்தார். மூலையைப் பார்த்தார், ஈய எழுத்து சரி. ஓரத்துக்கு வந்தார்.

"இது?"

"கறை அண்ணே. கழுவுறப்ப என் விரல் பட்டிருக்கு."

சொல்லி முடிக்கும்போதே என் காதில் என் பழைய குரல் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஃபிலிமை இறக்கினார்.

"அங்கி ஓரம் பிரிஞ்சிருந்தா?"

"பிரியலே. விரல்தான்."

"இன்னொரு தடவை எடு."

மணி ஏழு. மூன்று மணி நேரம் ஒட்ட வேண்டும், கழுவ வேண்டும், காய வேண்டும். பன்னிரண்டுக்கு ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பவன் வருவான். அதைச் சொன்னேன்.

"அன்னிக்கு நீ கேட்டே. நான் எடுக்கலே" என்றார். "எடுத்திருக்கணும்."

இருபது வருஷம் காத்திருந்த வார்த்தை. நான் விடவில்லை. "அப்போ கசடு இல்லைன்னு ஒத்துக்கிறீங்க?"

"கசடு இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை எடுத்திருக்கணும்."

நான் புது ஃபிலிமைச் சுற்றினேன். இந்த முறை அங்கியின் ஓரங்களை அண்ணியின் ஊசிநூலால் அவரே தைத்து மூடினார். பத்து மணிக்குப் பிரித்துக்கொண்டு ஓடினேன். இருட்டறையில் இந்த முறை என் விரல் படாமல் அந்தப் பெண்ணே கழுவினாள். திரவத்திலிருந்து தூக்கியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெய் அண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம்தான் திரும்பினேன்.

ஈரம் காயாத ஃபிலிமோடு மூன்றாம் மாடி ஏறியபோது வீடு நிறைய ஆட்கள். சிவப்பு முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் காட்ட நேரமில்லை, கூடத்தின் நடுவிலேயே நீட்டினேன். அவர் எல்லோர் முன்னாலும் ஜன்னலில் பிடித்தார். மூலை. ஓரம். நடு. ஜின்யா குழந்தையோடு உள்ளறை வாசலில் நின்றாள். மூலையில் அப்பாவின் பெயர் எழுத்தும் அன்றைய தேதியும் வெளிச்சத்தில் தெரிந்தன.

"எப்பலேருந்துப்பா தெரியும்?"

"மூலை வெட்டின ஃபிலிமை நான் என்னிக்காவது பாஸ் பண்ணியிருக்கேனா?"

அவள் அழத் தொடங்கினாள். அண்ணி நூடுல்ஸ் தட்டோடு நடுவே வந்து, இவருக்குத் தெரியும் என்பது தனக்கும் டிசம்பர் குளிரிலேயே தெரியும் என்றார். குப்பைத் தொட்டியில் ஈயத் தகடு கிடந்தால் கூட்டுகிறவளுக்குத் தெரியாதா என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அங்கியின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கையை நீட்டினார்.

குழந்தையை முகம் வெளியே பார்க்கும்படி மடியில் வைத்தார்கள், கழுத்தில் மாவு உருண்டை மாலை. பதினொரு நிமிஷம், அது அவரே போட்ட கணக்கு. அவர் குழந்தையைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். பதினொன்று முடிந்ததும், போதும் என்று தானே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் டோங்யிங்கில் சுத்திகரிப்பு ஆலைப் பழுது வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மே கடைசியில் அங்கேதான் எனக்குச் செய்தி வந்தது. வெங்காயத்தாள் கட்டோடு மாடி ஏறியவர் இரண்டாம் மாடியில், என் கதவுக்கு எதிரே உட்கார்ந்தவர் எழவில்லை. கட்டி அல்ல, இதயம். கட்டி அப்போது நிலக்கடலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதனால் அந்த நூறாம் நாள்தான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

விருந்து முடிந்து நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தார், வழக்கம்போல நாலு படி தள்ளி நின்றார். கையில் இரண்டு ஃபிலிமும், கறை பட்டதும் சுத்தமானதும், ஒரே உறையில். பிற்காலத்தில் குழந்தைக்கு என்றைக்காவது ஏதாவது என்றால் பெண்கள் மறைப்பார்கள், டாக்டர்கள் கேட்பார்கள் என்றார். தன்னிடம் இருந்தால் தான் இருக்கும் வரைதான் என்றார். உறையை என் பக்கமாக நீட்டினார்.

"ஏழு வருஷம் வைச்சிரு, வெய். யார் கேட்டாலும் ரெண்டையும் காட்டு. மூலையை வெட்டிடாதே."